வாலிபர்களின் ஊழியமும் கேள்வி கேட்கும் உரிமையும்

உலகத்தில் எந்தத் தேசத்தை எடுத்துக்கொண்டாலும், வாலிபர்களைப் புகழ்ந்து பேசாத தலைவர் ஒருவரையாவது காண்பது அரிது. "நாட்டின் எதிர்காலம் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று மேடைக்கு மேடை சொல்லுவார்கள். ஆனால் அந்தக் கையில் என்ன கொடுக்கின்றார்கள் என்று பார்த்தால், ஒரு துடைப்பம், ஒரு கொடி, ஒரு மாலை, இவ்வளவுதான். துடைப்பம் தெருக் கூட்டுவதற்கு. கொடி ஊர்வலத்தில் பிடிப்பதற்கு. மாலை தலைவர் கழுத்தில் போடுவதற்கு. ஓட்டுச் சீட்டையோ, கணக்குப் புத்தகத்தையோ, பணப்பெட்டியின் சாவியையோ வாலிபர் கையில் கொடுத்த தேசங்கள் மிகச் சிலவேயாகும்.

அப்படிக் கொடுத்திருக்கும் சிலவற்றில் பிலிப்பைன்ஸ் தேசம் ஒன்று. கொடுத்தது எப்படி வந்தது, கொடுத்ததை யார் யார் பிடுங்கப் பார்த்தார்கள், கிடைத்ததைக் கொண்டு வாலிபர்கள் செய்யும் பொதுவேலையின் யோக்கியதை என்ன என்பவைகளைப்பற்றி நமது வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதியே இதை எழுதுகின்றோம்.

பிலிப்பைன்ஸ் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளையுடைய தேசம். அதன் ஆட்சி அமைப்பில் எல்லாவற்றிற்கும் அடியில் இருப்பது 'பாரங்காய்' என்னும் சிறு வட்டாரம். பெயரைக் கேட்டு ஏதோ காய்கறி என்று எண்ணிவிட வேண்டாம். முற்காலத்தில் கூட்டங் கூட்டமாய்க் கடல் தாண்டி வந்து குடியேறினவர்கள் ஏறி வந்த படகின் பெயரே பின்னால் அவர்கள் குடியிருப்புக்கும் பெயராயிற்று என்று சொல்லப்படுகிறது. ஸ்பானியர் ஆட்சியின் வழியாய் வந்த 'பாரியோ' என்ற பெயர் 1974இல்தான் பாரங்காய் என்று மாற்றப்பட்டது. தேசம் முழுவதிலும் 42,000-க்குச் சற்று அதிகமான பாரங்காய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவரும் ஒரு சபையும் உண்டு. அந்தச் சபைக்குப் பக்கத்தில், வாலிபர்களே தேர்ந்தெடுக்கும் ஓர் இளைஞர் மன்றமும் உண்டு. அதற்கு 'சங்குனியாங் கபத்தான்' என்று பெயர்.

இந்த மன்றத்துக்கு ஒரு தலைவரும் ஏழு அங்கத்தினர்களுமாக எட்டுப்பேர். 15 வயது முதல் 30 வயது வரையுள்ள ஆணும் பெண்ணும் ஓட்டுப் போடலாம். 18 முதல் 24 வயது வரையுள்ளவர்கள் போட்டியிடலாம். பாரங்காயின் பொது நிதியில் நூற்றுக்குப் பத்து பாகம் இந்த மன்றத்துக்கென்று சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். மன்றத்தின் தலைவராயிருப்பவர், பெரியவர்களின் பாரங்காய் சபையிலும் ஓர் அங்கத்தினராய் உட்காருகிறார். கடைசியாக 2023 அக்டோபர் 30-ந் தேதி நடந்த தேர்தலில் ஓட்டுரிமை பெற்றிருந்த வாலிபர்கள் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால், தேர்ந்தெடுக்கப்படும் வாலிபர்களின் ஸ்தானங்கள் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகின்றன. பார்லிமெண்டுக்கு ஓட்டுப்போட இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டிய பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தன் ஊர் வாலிபர் நிதியை யார் கையில் கொடுப்பது என்பதை இன்றைக்கே தீர்மானிக்கின்றாள் என்றால், இது அற்ப விஷயமா என்று கேட்கின்றோம்.

தகப்பனார் அமைத்த சங்கம், மகள் அதற்குத் தலைவி

ஆனால் இது ஒருநாளும் தானாக வந்துவிடவில்லை. இதன் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

பெர்டினண்ட் மார்க்கோஸ் என்பவர் 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, பார்லிமெண்டை மூடி, எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்து ஆண்டு வந்தார். அதற்கு முன் இரண்டு மூன்று வருஷங்களாக மணிலாவின் தெருக்களில் அவரை எதிர்த்து முன்னணியில் நின்றவர்கள் மாணவர்கள். ஆகவே வாலிபர்களை அடக்கினால் மட்டும் போதாது, அவர்களைத் தம்முடைய கொட்டிலில் கட்டியும் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1975 ஏப்ரல் 15-ந் தேதி ஒரு கட்டளையின் மூலம் 'கபத்தாங் பாரங்காய்' என்னும் இளைஞர் ஸ்தாபனத்தை உண்டாக்கினார். அதன் தேசியத் தலைமை யாருக்குப் போயிற்று தெரியுமா? அவருடைய மூத்த மகள் இமீ மார்க்கோஸுக்கே போயிற்று. வாலிபர்களுக்கு ஒழுங்கும் ஊழியமும் கற்றுக்கொடுப்பதாகப் பேச்சு. காரியத்தில் தகப்பனார் ஆட்சிக்கு மகள் தலைமையில் ஒரு படை.

1977 ஆகஸ்டு 31-ந் தேதி மணிலாவில் ஒரு கல்லூரியில் நடந்த கூட்டத்தில் அந்த அம்மையார் பேசினார். கேள்வி கேட்கலாம் என்ற கூட்டந்தான் அது. ஆர்க்கிமிடிஸ் த்ரஹானோ என்ற 21 வயது மாணவர் எழுந்து, அந்த ஸ்தாபனத்துக்குத் தலைவியாய் நியமிக்கப்பட்டதைப்பற்றி ஒரு கேள்வி கேட்டார். பிரசிடெண்டின் மகள்தான் அதற்குத் தலைவராக வேண்டுமா என்பதே கேள்வியின் சாரம். கூட்டத்திலிருந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். செப்டம்பர் 2-ந் தேதி அவருடைய பிரேதம் கிடைத்தது. அவருடைய தாயார் அமெரிக்காவின் ஹவாயிலுள்ள கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். எதிர்வாதம் செய்ய யாரும் வராத நிலையில், 1991இல் அந்தக் கோர்ட்டு, அவர் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார் என்றும், அதற்கு இமீ மார்க்கோஸ் பொறுப்பாளி என்றும் கண்டு, 40 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. மேல் கோர்ட்டு 1992இல் அதை உறுதி செய்தது. 2006இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பைச் சொந்த நாட்டில் நிறைவேற்றுவதற்கு நடந்த வழக்கில் சம்மன் சார்வு செய்த முறை சரியில்லை என்று சொல்லிவிட்டது. அவ்வளவோடு அந்தச் சங்கதி நின்றது. அந்த அம்மையார் 2019இல் செனட்டரானார்.

இதை நாம் விரித்துச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. பிலிப்பைன்ஸ் இளைஞர் மன்றத்தின் கதையில் முதல் பாடம் இந்த வாலிபரின் கேள்வியில்தான் இருக்கிறது. வாலிபர்கள் தெருக் கூட்டினால் எந்தச் சர்வாதிகாரியும் கோபித்துக்கொண்டதில்லை. மரம் நட்டதற்காக எந்த வாலிபனையும் யாரும் பிடித்துக்கொண்டு போனதில்லை. "உன்னை யார் தலைவராக்கினார்கள்?" என்று கேட்டதுதான் குற்றமாயிற்று. ஆகவே ஊழியம் வேறு, உரிமை வேறு என்று யாராவது நமக்குப் பாடம் சொல்ல வந்தால் அதை நாம் நம்ப வேண்டியதில்லை.

குற்றம் யாருடையது?

1986 பிப்ரவரியில் ஜனங்கள் மார்க்கோஸைத் துரத்தின பிறகு, 1991இல் வந்த ஸ்தல ஸ்தாபனச் சட்டம் பழைய சங்கத்தை ஒழித்து, தேர்தலால் அமையும் இன்றைய இளைஞர் மன்றத்தை உண்டாக்கிற்று. நூற்றுக்குப் பத்து என்ற நிதி விதியும் அந்தச் சட்டத்தில் வந்ததுதான். 1992 டிசம்பரில் முதல் தேர்தல் நடந்தது.

பிறகு நடந்தது என்ன? பல ஊர்களில் மன்றத்தின் பணம் கூடைப்பந்துப் பந்தயத்துக்கும், அழகிப் போட்டிக்கும், ஊர் வாசலில் தலைவர் பெயர் பொறித்த வளைவுக்கும் போயிற்று. மேல் சங்கங்களின் தலைமைத் தேர்தலில் மன்றத் தலைவர்களை எங்கெங்கோ கூட்டிக்கொண்டுபோய் உபசரித்து ஓட்டு வாங்குகிறார்கள் என்ற புகார்களும் கிளம்பின. பாரங்காய் தலைவரின் மகனும் மருமகளும் இளைஞர் மன்றத்தில் உட்கார்ந்தார்கள். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தின் ஆதரவில் 2007இல் வெளிவந்த ஆய்வும், மன்றங்களின் வேலை மொத்தத்தில் பலவீனமாகவே இருக்கிறது என்று கண்டது. "இந்த மன்றங்கள் சிறு பிள்ளைகளுக்கு ஊழலைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடங்கள், இவைகளை ஒழித்துவிடுங்கள்" என்ற கூக்குரல் பலமாயிற்று.

நாம் கேட்கிறோம்: பள்ளிக்கூடம் கெட்டதென்றால் வாத்தியார் யார்?

2002இல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி 15 வயது முதல் 18 வயது நிரம்பாதவர்கள்தான் மன்றத்தில் இருக்கலாம் என்று ஆயிற்று. அதாவது மன்றத்தில் இருந்த அத்தனைபேரும் மைனர்கள். மைனர் கையெழுத்து எந்த ஒப்பந்தத்துக்கும் செல்லாது. ஆகவே பணம் எடுக்கவும் சாமான் வாங்கவும் பெரியவர்களின் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர், கண்ட்ராக்டரையும் தாமே காட்டுவார். சாவி பெரியவர் மடியில், பெட்டி சிறியவர் தலையில்! பெட்டியில் பணம் குறைந்தால் திருட்டுப் பட்டம் மட்டும் சிறியவருக்கு! இதைப் போன்ற நியாயத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பந்தயத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. கூடைப்பந்து விளையாடுவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. உழைத்துக் களைத்த ஏழைப் பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். ஆனால் ஒரு ஊரின் முழு நிதியும் பந்துக்கும் சட்டைக்கும் கோப்பைக்குமே செலவானால், பந்தாடாத பெண்களுக்கு என்ன கிடைத்தது? பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு மீன்பிடிக்கப் போகும் பையனுக்கு என்ன கிடைத்தது? கால் ஊனமுள்ளவனுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்விகளை ஊர் வாலிபர்களே சபை கூட்டிக் கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டுமேயொழிய, அதற்காக மன்றத்தையே ஒழிப்பது என்பது, மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

ஆனாலும் கொளுத்தத்தான் பார்த்தார்கள். 2013 அக்டோபரில் நடக்க வேண்டிய இளைஞர் மன்றத் தேர்தலை மட்டும் ஒரு தனிச் சட்டத்தால் நிறுத்தினார்கள். பெரியவர்களின் பாரங்காய் தேர்தல் நடந்தது. வாலிபர்கள் தேர்தல் நடக்கவில்லை. அவர்கள் ஸ்தானங்கள் காலியாயின. அதே வருஷம் நவம்பர் 8-ந் தேதி ஹையான் என்றும் யோலண்டா என்றும் சொல்லப்படும் பெரும்புயல் வந்து, டாக்லோபன் முதலான ஊர்களை அழித்து 6,000-க்கும் அதிகமான ஜனங்களைக் கொன்றது. அந்த ஊர்களைத் திரும்பக் கட்டிய வருஷங்களில், எங்கே வீடு கட்டுவது, எந்தப் பள்ளியை முதலில் திறப்பது என்று பேசுகிற சபைகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட வாலிபர் ஒருவர்கூட இல்லை. மண் சுமக்கவும் மூட்டை தூக்கவும் மட்டும் வாலிபர்கள் வேண்டியிருந்தது.

பிறப்பால் வரும் பதவிக்கு ஒரு தடை

2016 ஜனவரி 15-ந் தேதி பிரசிடெண்டு பெனிக்னோ அக்கினோ கையெழுத்திட்ட சீர்திருத்தச் சட்டம் பல குறைகளைத் திருத்திற்று. மன்றத்தினரின் வயது 18-க்கு மேல் என்று உயர்த்தப்பட்டதால் அவர்கள் கையெழுத்துச் செல்லத்தக்கதாயிற்று. தப்புச் செய்தால் தண்டனைக்கும் உரியவர்களானார்கள். மன்றத்தின் பணம் மன்றத்தின் பெயராலேயே சர்க்கார் பாங்கியில் இருக்க வேண்டும். அதன் தலைவரும் பொக்கிஷதாரரும் கையெழுத்திட வேண்டும். சர்க்கார் ஆடிட்டர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். பதவி ஏற்பதற்கு முன் கட்டாயப் பயிற்சி பெற வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு திட்டம் போட்டு, அதை ஊரின் வாலிபர்கள் அனைவரும் அடங்கிய பொதுச் சபையின் சம்மதத்தோடு நிறைவேற்ற வேண்டும். அந்தப் பொதுச் சபை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. நாட்டிலோ, தான் போட்டியிடும் வட்டாரத்திலோ பதவி வகிக்கும் ஒருவரோடு, இரத்த வழியிலோ கல்யாண வழியிலோ இரண்டு தலைக்குட்பட்ட உறவுடையவர் யாரும் இளைஞர் மன்றத்துக்கு நிற்கக்கூடாது என்று அந்தச் சட்டம் விதித்தது. தகப்பன் தலைவராயிருக்கும்போது மகன் நிற்க முடியாது. பாட்டி மேயராயிருக்கும்போது பேத்தி நிற்க முடியாது.

இதன் வேடிக்கையைக் கவனியுங்கள். பிலிப்பைன்ஸின் 1987-ம் வருஷத்து அரசியல் சட்டமே குடும்ப ஆட்சியைத் தடுக்க வேண்டும் என்று சொல்லுகிறது. ஆனால் 'சட்டத்தால் வரையறுக்கப்படுகிறபடி' என்று ஒரு வால் அதில் இருக்கிறது. வரையறுக்க வேண்டியது பார்லிமெண்டு. அந்தப் பார்லிமெண்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னார் மகன், இன்னார் மனைவி, இன்னார் தம்பி என்ற வம்சத்தார். ஆகவே முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அவர்கள் தங்களுக்கென்று அந்தச் சட்டத்தைச் செய்துகொள்ளவில்லை. வாலிபர்களுக்கு மட்டும் செய்து வைத்தார்கள். விருந்தில் உட்கார்ந்த பெரியவர்கள், பந்தியின் கடைசியிலிருக்கும் பிள்ளைகளைப் பார்த்து "அளவோடு சாப்பிடுங்கள்" என்று உபதேசம் செய்ததைப் போலத்தான் இது. உபதேசம் நல்லதுதான், உபதேசித்தவர்களுக்கும் அது வேண்டும் என்றுதான் நாம் சொல்லுகிறோம். பிறந்த வீட்டைக் கொண்டு ஒருவன் ஆளப் பிறந்தவன் என்பது பதினெட்டு வயதில் அக்கிரமமானால், ஐம்பது வயதில் அது எப்படி நியாயமாகும்?

ஊழியமா, தருமமா?

இனி, இந்த மன்றங்கள் செய்யும் பொதுவேலைகளைப் பார்ப்போம். கடற்கரையில் குப்பை பொறுக்குகிறார்கள். கரையோரங்களில் அலையைத் தடுக்கும் கண்டல் மரக் கன்றுகளை நடுகிறார்கள். ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொடுக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் இருபது புயல்கள் அந்தத் தேசத்தின் எல்லைக்குள் வருகின்றன. அப்பொழுதெல்லாம் ஜனங்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்துப் போவதிலும் சோறு பங்கிடுவதிலும் வாலிபர்கள் நிற்கிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாய்ப் பள்ளிகள் மூடப்பட்டு, உலகத்திலேயே மிக நீண்ட காலம் பள்ளி மூடிக்கிடந்த தேசங்களில் ஒன்றாய் பிலிப்பைன்ஸ் ஆயிற்று. பாடங்களை அச்சடித்த தாள்களாய் வீட்டுக்கு வீடு கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வீட்டில் கம்ப்யூட்டருமில்லை, அச்சுப் பொறியுமில்லை, ஒரு தாள் அச்சடிக்கக் கடைக்குக் கொடுக்கக் காசுமில்லை என்றிருந்த பிள்ளைகளுக்காகப் பல இளைஞர் மன்றங்கள் தங்கள் பணத்தில் அச்சுப் பொறி வாங்கி வைத்து, "இங்கே இலவசமாய் அச்சடித்துக் கொள்ளலாம்" என்று பலகை போட்டன. இது பார்வைக்குச் சிறிய காரியம். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து வந்த பிள்ளை அங்கே யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. யாருடைய புகழையும் பாட வேண்டியதில்லை. தன் ஊர்ப் பணத்தில் வாங்கிய பொறியில் தன் பாடத்தை அச்சடித்துக்கொண்டு போனது. இதைத்தான் நாம் ஊழியம் என்கிறோம்.

தருமம் என்பது வேறு. அதே நோட்டையும் பென்சிலையும் ஒரு பையில் போட்டு, பையின்மேல் தலைவருடைய முகத்தை அச்சடித்து, வாங்குகிற ஏழைப் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தால் அது தருமம். அந்தத் தேசத்தில் இப்படிப் பொதுப் பணத்தில் செய்யும் வேலைக்குத் தன் முகத்தையும் பெயரையும் ஒட்டிக்கொள்ளும் அரசியல்வாதியை 'ஏப்பால்' என்று ஜனங்கள் கேலி செய்கிறார்கள். தெருவிளக்கு முதல் பிணவண்டி வரை பெயர் பொறித்துக்கொள்ளும் இந்த வியாதி வாலிபர்களையும் தொற்றத்தான் செய்கிறது. இருபது வயதுத் தலைவர் தன் படம் போட்ட பெரிய பானர் கட்டுவதற்கு, ஐம்பது வயதுத் தலைவரிடம்தான் கற்றுக்கொண்டார் என்பது உண்மையே. ஆனாலும் அது அவருக்கு மன்னிப்பாகாது. நூற்றுக்குப் பத்து என்பது எந்த வள்ளலின் மடியிலிருந்தும் வரவில்லை. அந்த ஊரில் உப்பு வாங்கினவனும் அரிசி வாங்கினவனும் கொடுத்த வரிதான் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. தன் பணத்தைத் தானே வாங்கிக்கொள்வதற்கு ஒருவன் ஏன் தலை குனிய வேண்டும்?

பிலிப்பைன்ஸ் கிராமங்களில் 'பயனிஹான்' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் வேறிடம் போகவேண்டுமானால், ஊரார் கூடி அந்த ஓலை வீட்டின் அடியில் மூங்கில்களைக் கட்டி, வீட்டை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள். தூக்கினவர் யாருடைய பெயரும் அந்த வீட்டின்மேல் எழுதப்படுவதில்லை. நாளைக்கு இன்னொருவர் வீட்டை இவரும் தூக்குவார். சமமானவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது அது. மேலிருப்பவன் கீழிருப்பவனுக்குப் போடும் பிச்சை அல்ல. மன்றங்கள் பழைய வழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் அது இந்தச் சமத்துவந்தான்.

பேய் வேலைகள்

இதோடு நின்றுவிட்டாலும் போதாது. இதைவிட முக்கியமான ஆபத்து ஒன்றிருக்கிறது. அது, சர்க்கார் செய்ய வேண்டிய கடமையை வாலிபர்களின் இலவச உழைப்பால் மூடி மறைப்பது.

வாரந்தோறும் வாலிபர்கள் சாக்கடையில் இறங்கிக் குப்பை வாருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் குப்பை ஏன் அங்கே வந்தது? குப்பை வண்டி ஏன் வரவில்லை? வெள்ளம் ஏன் வடியவில்லை? வெள்ளத் தடுப்புக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே? இவைகளைக் கேட்காமல் வாரிக்கொண்டே இருந்தால், வாருகிறவன் கை ஓயுமேயல்லாது சாக்கடை ஓயாது.

இது வெறும் வாதமல்ல. 2022 ஜூலை முதல் ஏறக்குறைய மூன்று வருஷத்தில் வெள்ளத் தடுப்பு வேலைகளுக்காகச் செலவிட்டது 54,500 கோடி பெசோ என்றும், அதில் சுமார் 10,000 கோடி பெசோ பதினைந்தே கண்ட்ராக்டர்களுக்குப் போயிருக்கிறது என்றும் 2025 ஆகஸ்டில் பிரசிடெண்டே வெளியிட்டார். புலாக்கான் மாகாணத்தில் பலியுவாக் என்ற ஊரில், ஐந்தரைக் கோடி பெசோவுக்குமேல் செலவில் ஆற்றங்கரைச் சுவர் கட்டி முடிந்துவிட்டதாகக் கணக்கில் இருந்தது. அதே மாதத்தில் நேரில் போய்ப் பார்த்தால் அங்கே சுவரையே காணோம். இப்படிப்பட்டவைகளுக்கு அந்த நாட்டில் 'பேய் வேலைகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேய் என்பதே இல்லை என்று சொல்லிவரும் நாம்கூட இந்தப் பேய்களை ஒப்புக்கொள்ள வேண்டியதாய் இருக்கிறது. ஏனெனில் மற்றப் பேய்கள் பயந்தவன் மனதில் மட்டும் இருப்பவை. இந்தப் பேய்கள் பில் எழுதிப் பணம் வாங்குகின்றன! 2025 செப்டம்பர் 21-ந் தேதி, ராணுவச் சட்டம் பிறந்த அதே தேதியில், மணிலாவில் பல்லாயிரக் கணக்கான ஜனங்கள் இதைக் கண்டித்துத் தெருவில் கூடினார்கள். அவர்களில் ஏராளமானவர் வாலிபர்கள்.

இந்த இடத்தில் இளைஞர் மன்றத்தின் கடமை என்ன? முழங்கால் தண்ணீரில் நின்று மூட்டை தூக்குவது மாத்திரமா? பாரங்காய் சபையில் மன்றத் தலைவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலி, பெரியவர்கள் பேசுவதற்குத் தலையாட்டுவதற்காகப் போடப்பட்டதல்ல. "எங்கள் ஊருக்கென்று எழுதிய சுவர் எங்கே? வாய்க்கால் எங்கே? ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்" என்று கேட்பதற்காகப் போடப்பட்டது. ஒரு ஊரில் ஒரு வாலிபர் எழுந்து இதைக் கேட்டால், ஆயிரம் நாள் சாக்கடை வாரினதைவிட அது பெரிய ஊழியமாகும் என்பது நமது அபிப்பிராயம். அதற்காகச் சாக்கடையை வார வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். வாரினவனுக்குக் கேட்பதற்கு இரட்டிப்பு உரிமை உண்டு.

ஒத்திவைக்கப்படும் வாலிபம்

கேட்பவர்களை வாயடைக்க இந்தக் காலத்தில் சித்திரவதை அறை வேண்டியதில்லை. தேர்தலை ஒத்திவைத்தாலே போதும் என்று பெரியவர்கள் கண்டுகொண்டார்கள் போலிருக்கிறது. 2010 அக்டோபருக்குப் பிறகு வாலிபர்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2018 மே மாதத்தில். ஏறக்குறைய எட்டு வருஷம். 17 வயதில் முன்னதில் ஓட்டுப்போட்ட பையன், பின்னது வருவதற்குள் 25-ஐ நெருங்கிப் போட்டியிடும் வயதையே தாண்டிவிட்டான். பிறகு 2020 மே மாதத்தில் நடக்க வேண்டியது 2022 டிசம்பருக்குப் போய், அங்கிருந்து 2023 அக்டோபருக்குப் போயிற்று. 24 வயதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 29 வயதில் இன்னும் 'இளைஞர் பிரதிநிதி'யாய் உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒத்திவைத்த சட்டம் ஜனங்களின் ஓட்டுரிமைக்கு விரோதமானது, அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிற்று. அதற்குப் பின்னும் 2025 ஆகஸ்டில் இன்னொரு சட்டம்! 2025 டிசம்பருக்குக் குறித்திருந்த தேர்தலை 2026 நவம்பருக்குத் தள்ளி, பதவிக் காலத்தையும் மூன்று வருஷத்திலிருந்து நான்காக்கிற்று.

பெரியவர் தேர்தலை ஒரு வருஷம் தள்ளினால் அவருக்கு ஒரு வருஷந்தான் நஷ்டம். வாலிபர் தேர்தலைத் தள்ளினால் அவருக்கு வாலிபமே நஷ்டம். ஆறே வருஷ வாசலில் நிற்கிறவனுக்கு இரண்டு வருஷம் கதவை மூடினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. திருட்டுப் போன பணத்தைத் திரும்பப் பெறலாம். தாண்டிப்போன வயதை யார் திருப்பிக் கொடுப்பது?

"சிறு பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுத்தால் கெட்டுப்போவார்கள்" என்று சொல்லுகிறவர்களுக்கு நாம் ஒன்று சொல்லுகிறோம். அதிகாரத்தால் கெடுவது வயதைப் பார்த்து வருவதல்ல. கணக்குக் கேட்பார் இல்லாத இடத்தில் கிழவனும் கெடுவான், குமரனும் கெடுவான். ஆகவே மருந்து, அதிகாரத்தைப் பிடுங்குவதில் இல்லை. கணக்குக் கேட்பவர்களைப் பெருக்குவதில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய பொதுச் சபையைக் கூட்டினதாகப் புத்தகத்தில் எழுதிவிடாமல் மெய்யாகவே கூட்ட வேண்டும். என்ன வந்தது, என்ன செலவாயிற்று, யாரிடம் வாங்கினோம், என்ன விலை என்பதை அந்த ஊர்ப் பாஷையில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் எழுந்து "இந்தப் பந்துக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்டால், தலைவர் கோபியாமல் பதில் சொல்ல வேண்டும். வேலைகளின்மேல் பெயரும் படமும் போடுவதை விட்டுவிட வேண்டும். இவைகளைச் செய்கிற மன்றத்தை எந்தப் பார்லிமெண்டும் சுலபத்தில் ஒழித்துவிட முடியாது. ஏனெனில் அதற்குக் காவலாக அந்த ஊர் நிற்கும்.

1977இல் ஒரு கேள்வி கேட்டதற்காக ஒரு வாலிபர் உயிரை விட்டார். பிறப்பால் வந்தவருக்குத் தலைமை ஏன் என்பதே அவர் கேட்டது. 2016-ம் வருஷத்துச் சட்டம் அந்தக் கேள்வி சரியானதுதான் என்று, முப்பத்தொன்பது வருஷம் கழித்து, அவர் பெயரைச் சொல்லாமலே ஒப்புக்கொண்டது. இன்றைக்கு அந்தத் தேசத்தில் மன்றத்துக்கு நிற்கும் ஒவ்வொரு வாலிபரும், துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது அந்தக் கேள்வியையும் கூட எடுத்துக்கொள்ள வேண்டும். துடைப்பம் மட்டும் கையில் இருந்தால் அவர் வேலைக்காரர். இரண்டும் இருந்தால்தான் அவர் பிரஜை.